உட்கார்வது ஓய்வு அல்ல

போன மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகள் அறையிலிருந்து வெளியே வந்து, "மாமா, அந்த வலித் தைலம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுடைய வலது கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, விரல்களால் கழுத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். எனக்குத் திக்கென்றது. ஆபீசில் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பல வருஷங்கள் நான் செய்ததை அப்படியே அவள் செய்துகொண்டிருந்தாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "உட்கார்ந்த இடத்துல வேலை. அதுக்கு என்னம்மா வலி?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் என் அம்மா என்னைக் கேட்டதும் இதே கேள்விதான். நாற்று நட்டவளுக்கு இடுப்பு வலிக்கலாம், மூட்டை தூக்கியவனுக்கு முதுகு வலிக்கலாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன வலி? நம் மொழியிலேயே உட்கார்வதற்குச் சோம்பேறித்தனம் என்று ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்றுதானே சொல்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். உட்கார்வதை நாம் ஓய்வு என்று நினைத்துவிட்டோம். அதனால்தான் வலி வந்தபோது மேலும் ஓய்வு எடுத்தோம். இரண்டு தவறும் சேர்ந்துதான் என் கழுத்தையும் முதுகையும் கெடுத்தன. என் வயதில் பலருக்கு இதே கதை இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே கற்ற பலதும் மறந்துபோயிற்று. ஒரு சொல் மட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஞாபகம் வந்தது. பிரெஞ்சில் குமாஸ்தாவைக் கேலியாக 'ரோன் த குயிர்' என்பார்கள். 'தோல் வட்டம்' என்று பொருள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் நாற்காலியில் வட்டமான தோல் மெத்தை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். அந்த மெத்தையின் பெயரே ஆளுக்கும் ஆகிவிட்டது. ஜார்ஜ் கூர்தலின் என்பவர் 1893-ல் இந்தப் பெயரை வைத்தே ஆபீஸ் குமாஸ்தாக்களைப் பற்றி ஒரு நகைச்சுவை நாவல் வெளியிட்டார். நம் ஆபீஸ்களும் வேறு மாதிரி இல்லை. 'அந்த சீட்டை யார் பார்க்கிறார்?', 'சீட் மாற்றிவிட்டார்கள்' என்றுதான் பேசுவோம். ஆளுக்குப் பெயர் கிடையாது, நாற்காலிதான்.

எழுதுகிறவனின் வலி புதிதும் அல்ல. தொழிலால் வரும் நோய்களைப் பற்றி முதன்முதலில் முறையாக எழுதியவர் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸ்ஸினியைச் சொல்வார்கள். அவருடைய நூல் 1700-ல் வந்தது. 1713-ல் அதை விரிவாக்கியபோது எழுத்தர்களையும் சேர்த்தார். அவர்களுடைய துன்பத்துக்கு மூன்று காரணங்கள் சொன்னார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது ஒன்று. கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது இரண்டு. கணக்கில் பிழை வந்துவிடுமோ என்று மனம் இறுகிக் கிடப்பது மூன்று. அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தருக்கு வலது கை செயலிழந்துபோக, அவர் இடது கையால் எழுதப் பழகினாராம். கொஞ்ச நாளில் அந்தக் கைக்கும் அதே கதி. முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. இறகுப் பேனா போய் மவுஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து ஆபீசுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது நம்மை உட்காரவே விடாது. பழைய கோப்பு வேண்டுமா, பதிவறைக்கு நடக்க வேண்டும். அங்கே மேல்தட்டில் இருக்கும் கட்டை எட்டி இறக்க வேண்டும், கீழ்த்தட்டில் இருப்பதைக் குனிந்து எடுக்க வேண்டும். வரைவை எழுதினால் டைப்பிஸ்ட் மேஜைக்குக் கொண்டு போக வேண்டும். கண்காணிப்பாளர் கூப்பிட்டால் எழுந்து போய் அவர் முன்னால் நிற்க வேண்டும், அதிகாரி கூப்பிட்டால் மாடிப்படி ஏற வேண்டும். போன் ஒன்றே ஒன்று, அதுவும் அறையின் அந்தக் கோடியில். இதையெல்லாம் அன்றைக்குத் தொல்லை என்று நினைத்தோம். அதுதான் எங்களுக்குத் தெரியாமலே நாங்கள் செய்த உடற்பயிற்சி.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டைப்பிஸ்ட் மேஜை, பதிவறை, தபால் பிரிவு எல்லாம் ஒவ்வொன்றாக அந்தத் திரைக்குள் போய்விட்டன. வேலை சுலபமாயிற்று, மறுக்கவில்லை. ஆனால் காலையில் உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தான். சிலர் சாப்பாட்டு டப்பாவையும் மேஜையிலேயே திறந்தார்கள்.

எனக்கு ஐம்பது வயதை ஒட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கையெழுத்தே கோணிற்று. அதற்கு நான் என்ன செய்தேன்? ஆவடி ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் 'நாள் பூரா உழைத்தாயிற்று' என்று சாய்வு நாற்காலியில் விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தேன். கழுத்துக்குப் பட்டை, இடுப்புக்குப் பெல்ட், நடுவில் ஓட்டை வைத்த மெத்தை, இரண்டு மூன்று வகைத் தைலம் எல்லாம் வாங்கினேன். தோல் வட்டம்கூட வாங்கியாயிற்று என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார்கள். என் மகள் வயதுடைய ஒரு பெண். நான் வாங்கிப்போன பெல்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், உங்களுக்கு ஓய்வு நிறையவே குடுத்தாச்சு. இனிமே அந்தச் சதைக்கு வேலை குடுக்கணும்." அன்றைக்கு அது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. வலியோடு வந்தவனிடம் வேலை செய் என்கிறாளே என்று. அவள் சொன்னது எவ்வளவு சரி என்று புரிய ஆறு மாதம் ஆயிற்று. விரல் மரப்பு குறைந்தது, முழுதும் போகவில்லை. இன்றைக்கும் சட்டைப் பொத்தானை இடது கையால்தான் போடுகிறேன். பத்து வருஷம் முன்னால் தொடங்கியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். நம் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. அது தோளுக்கு நேர் மேலே இருந்தால் எலும்பு தாங்கிக்கொள்ளும். திரையைப் பார்க்க முன்னால் நீட்டினால் பிடரிச் சதைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. அசையாமல் இறுகியே கிடக்கும் சதைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டுகளுக்கோ வளர்ந்தவர்களிடம் நேரடி ரத்த ஓட்டமே அநேகமாகக் கிடையாது. அழுத்தம் கூடிக் குறையும்போதுதான், அதாவது நாம் அசையும்போதுதான், அவற்றுக்கு ஊட்டம் ஊறிப் போகிறது. ஆகவே உட்கார்ந்திருக்கும்போது உடம்பு ஓய்வில் இல்லை. அசையாமல் ஒரு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு மாற்று, படுப்பது அல்ல. அசைவதுதான்.

இது ஒரு ஆளின் அனுபவம்தானே என்று கேட்கலாம். முதுகு வலி வராமல் தடுப்பது எது என்று அதுவரை நடந்த 21 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. அவற்றில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டிருந்தார்கள். உடற்பயிற்சியும், முதுகைப் பற்றிய விளக்கமும் சேர்ந்தபோது ஒரு வருஷத்துக்குள் முதுகு வலி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் குறைந்திருந்தது. இடுப்புப் பெல்ட்டும் செருப்புக்குள் வைக்கும் மெத்தையும் தடுத்ததாகத் தெரியவில்லை. 'இப்படி உட்கார், அப்படி உட்கார்' என்ற அறிவுரை மட்டும் கொடுத்ததிலும் பலன் தெரியவில்லை. நான் பணத்தைச் செலவழித்தது எல்லாம் பலன் இல்லாத பக்கம்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு இன்னொன்று. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி உள்ள 198 ஆபீஸ் ஊழியர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2011-ல் வெளியிட்டார்கள். ரப்பர் பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் அளவுக்கு உயர்த்துவது, அவ்வளவுதான் பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள், பத்து வாரம். ஒரு பிரிவினர் தினம் 12 நிமிடம் செய்தார்கள், இன்னொரு பிரிவினர் 2 நிமிடம். இரண்டு பிரிவினருக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடம் கிடைக்காத ஆபீஸ் எது?

இனி என் மருமகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததையும், நானே தினம் செய்வதையும் எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. ஏற்கெனவே எலும்புத் தேய்மானம், அறுவை சிகிச்சை, தலைசுற்றல் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

முதலாவது, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருப்பது. அலாரம் வைத்தால் இரண்டு நாளில் அணைத்துவிடுவோம். அதைவிட நல்ல வழி, மேஜையில் பெரிய தண்ணீர் பாட்டில் வைக்காமல் சின்ன டம்ளர் வைப்பது. தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். போன் வந்தால் நின்றுகொண்டே பேசுங்கள்.

இரண்டாவது, கழுத்து. நேராகப் பார்த்தபடி, தலையைக் குனியாமல், தாடையைப் பின்னுக்கு இழுங்கள். கன்னத்துக்குக் கீழே இரட்டைத் தாடை விழும், பார்க்க அழகாக இருக்காது. ஐந்து விநாடி வைத்து விடுங்கள். பத்து தடவை போதும். கழுத்தை வட்டமாகச் சுழற்றுவது எங்கள் வயதுக்கு வேண்டாம். சிலருக்குத் தலைசுற்றல் வரும்.

மூன்றாவது, தோள். முதுகில் இருக்கும் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் நெருக்கிப் பிடித்து விடுவது. பிறகு வாசற்படியில் நின்று, இரண்டு நிலைகளிலும் முன்கையை ஊன்றி, மெல்ல முன்னால் சாய்வது. கூனிக்கூனிச் சுருங்கிய மார்புச் சதை விரியும். ரப்பர் பட்டை கிடைத்தால் அந்த இரண்டு நிமிடப் பயிற்சி.

நான்காவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெல்லத் திரும்ப உட்கார்வது. முதலில் ஐந்து தடவை, பழகிய பிறகு பத்து. நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும். பிள்ளையார் முன்னால் போட்ட தோப்புக்கரணத்தின் வயோதிகப் பதிப்பு இது. முட்டி நல்லபடியாக இருக்கும் சின்ன வயதுக்காரர்கள் தோப்புக்கரணமே போடலாம்.

ஐந்தாவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. பால் பொங்கும் வரை நிற்கும் நேரத்தில் இருபது தடவை ஆகிவிடும்.

மணிக்கட்டையும் விரல்களையும் விரித்து மடக்குங்கள். கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பாருங்கள்.

நாற்காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதம் தரையில் படிய வேண்டும், திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். என் மருமகள் கட்டிலில் சம்மணம் போட்டு மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜைக்கு மாற்றி, அதன் அடியில் என் பழைய லாரூஸ் பிரெஞ்சு அகராதியை வைத்து உயர்த்தினோம். கீபோர்டு மட்டும் தனியாக வாங்கினாள். அந்த அகராதியை இந்த வீட்டில் யாரும் தொட்டு வருஷக்கணக்காயிற்று, இப்போது தினம் எட்டு மணி நேரம் உழைக்கிறது. ஆனால் எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அதில் அசையாமல் இருந்தால் வலி வரும். நல்ல நாற்காலி பாதி மருந்து, எழுந்திருப்பது மீதிப் பாதி.

இவ்வளவும் தனி ஆள் செய்ய வேண்டியது. ஆனால் பழியையெல்லாம் ஊழியர் தலையில் போட்டுவிட எனக்கு மனம் இல்லை. ஆபீஸ் அனுமதிக்காமல் ஒருவர் எழுந்து கையை நீட்டினால் பக்கத்து மேஜையில் சிரிப்பார்கள். 'வேலை இல்லையா?' என்று மேலதிகாரி கேட்பார். டீ குடிக்க இருபது நிமிடம் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, அது வழக்கம் ஆகிவிட்டது. உடம்பை அசைப்பது வழக்கம் ஆகவில்லை, அதுதான் வித்தியாசம். ஜப்பானில் 1928-லேயே வானொலியில் இசையோடு உடற்பயிற்சி ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அங்கே பல தொழிற்சாலைகளிலும் ஆபீஸ்களிலும் எல்லோரும் சேர்ந்து செய்வது வழக்கமாயிற்று. எல்லோரும் எழுந்தால் யாருக்கும் வெட்கம் இல்லை.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2021 செப்டம்பரில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் 'ஒய் பிரேக்' என்ற பெயரில், வேலை நடுவே ஐந்து நிமிடம் செய்யும் யோகப் பயிற்சிக்கு ஒரு செயலியை வெளியிட்டது. ஊழியர்களிடம் அதைப் பரப்பும்படி மத்திய அரசுத் துறைகளுக்குக் கடிதமும் போயிற்று. நல்லதுதான். ஆனால் சுற்றறிக்கையின் ஆயுள் என்ன என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். படித்து, கையெழுத்திட்டு, கோப்பில் சேர்த்துவிடுவோம். கண்காணிப்பாளர் முதலில் எழுந்து நின்றால்தான் பிரிவு எழுந்திருக்கும்.

அதே 2021-ல்தான் தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். கேரளம் 2018-லேயே செய்திருந்தது. கால் வீங்கி நிற்கும் அந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தி.நகர் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நியாயம் என்ன? ஒரே நிலையில் ஒரு உடம்பைப் பத்து மணி நேரம் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது. நின்றே இருப்பவருக்கு உட்கார உரிமை நியாயம் என்றால், உட்கார்ந்தே இருப்பவருக்கு எழுந்திருக்க உரிமை ஏன் நியாயம் இல்லை? காலையில் ஐந்து நிமிடம், பிற்பகலில் ஐந்து நிமிடம், வேலை நேரமாகவே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சலுகையாகக் கொடுத்தால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்திலேயே பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் இயந்திரச் சத்தம் மட்டுமே கேட்கும், இப்போது அங்கேயும் கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்ற தகப்பனின் பிள்ளை இன்றைக்குத் திரை முன்னால் உட்கார்கிறான். பெருமைப்பட வேண்டிய மாற்றம். ஆனால் தகப்பனின் கை இயந்திரத்தில் அடிபட்டால் அது தொழிற்சாலை விபத்து என்று எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளையின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதை யாரும் விபத்து என்று எழுதி வைப்பதில்லை.

கடைசியாக, நம்மைப் போன்றவர்களுக்கு. பணி ஓய்வு பெற்றபோது மேஜையை விட்டோம், நாற்காலியை விடவில்லை. டி.வி. முன்னால் ஒன்று, வாசலில் ஒன்று, கையில் செல்போன். எங்கள் வெள்ளானூர்த் தெருவில் மழை பெய்தால் நடக்க வழியில்லை. அந்த நாட்களில் மொட்டை மாடியில் நடக்கிறேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நடப்பதோடு நிற்காமல், வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. கீழே விழாமல் இருக்கத்தான்.

எல்லா வலிக்கும் பயிற்சிதான் மருந்து என்று இருந்துவிடவும் கூடாது. கை கால் பலம் குறைந்தாலோ, மரப்பு கூடிக்கொண்டே போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். தோள் வலியோடு மார்பு அடைத்தால், வியர்த்தால், தைலம் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பதினோரு மணி டீ நின்றுகொண்டுதான். என் மருமகள் வாசற்படியில் கையை ஊன்றிச் சாய்கிறாள், நான் சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துகிறேன். "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று முதல் வாரம் சிரித்த என் மனைவி, போன வாரத்திலிருந்து பக்கத்தில் வந்து நிற்கிறாள். தைலப் பாட்டில் அலமாரியில் இருக்கிறது. ஒரு மாதம் ஆகியும் பாதி குறையவில்லை.

இந்தக் கட்டுரையை ஒரே மூச்சில் எழுதியிருக்கலாம். நடுநடுவே எழுந்ததில் மூன்று நாள் ஆகிவிட்டது. கழுத்து வலிக்கவில்லை.